இருபத்தோராம் இடம்

அலுவலகத்தில் அவனுக்குத் தசமம் என்று பெயர். யாராவது "சுமார் ஏழு" என்று சொல்லிவிட்டால் போதும், "ஏழு புள்ளி என்ன?" என்று கேட்பான். சாப்பாட்டு இடைவேளையில்கூட அப்படித்தான். முதலில் கேலியாக வைத்த பெயர், பிறகு இயக்குநரே கூட்டத்தில் "தசமம் என்ன சொல்றார்?" என்று கேட்கும் அளவுக்கு நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம்தான்.

அறிவியல் துறையின் மதிப்பீட்டுப் பிரிவு மூன்றாம் மாடியில் ஒரே ஓர் அறை. ஜன்னலில் குளிர்சாதனப் பெட்டியைப் பொருத்தியபோது கதவுகளை நிரந்தரமாகத் திருகாணி போட்டு மூடிவிட்டார்கள். பெட்டி பிற்பாடு பழுதாகிவிட்டது. திருகாணிகள் அப்படியே இருந்தன. அந்தக் காற்றில்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு உலக நாடுகளை வரிசைப்படுத்துவதுதான் அவன் வேலை.

ஒரு விஞ்ஞானி எழுதிய கட்டுரையை வேறு விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிவைக்கும் தரவுத்தளம் ஒன்று உண்டு. கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளை அதிலிருந்து எடுத்து, நாடுவாரியாகப் பிரித்து, நம் நாடு எங்கே நிற்கிறது என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். மொத்தமாக எண்ணினால் பெரிய நாடுகள்தான் முன்னால் நிற்கும். யானையோடு ஆட்டை எடைபோட்டுப் பார்த்த கதையாகிவிடும். ஆகவே, ஒரு கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்று பார்க்கலாம் என அவன்தான் யோசனை சொன்னான். சின்ன நாட்டுக்கும் அதில் நியாயம் கிடைக்கும். எல்லோருக்கும் பிடித்திருந்தது. முதல் சில ஆண்டுகள் முப்பத்தைந்து, முப்பத்தேழு என்று நாடு ஓரமாக நின்றுகொண்டிருந்தது. யாரும் அறிக்கையைப் படிக்கவில்லை. அவனும் நிம்மதியாக இருந்தான்.

பிறகு ஓர் ஆண்டு, நாடு இருபத்தோராம் இடத்துக்கு வந்துவிட்டது.

அவன் சந்தோஷப்படவில்லை. மூன்று முறை கணக்கைப் போட்டுப் பார்த்தான். எண் மாறவில்லை. ஒவ்வொரு கட்டுரையாக இறங்கிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. இதய நோய் பற்றிய ஒரு பிரமாண்டமான ஆய்வு. உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தியது. இங்கிருந்து ஒரே ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளின் விவரங்களை அனுப்பியிருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் கொண்ட ஆசிரியர் வரிசையில் அதன் மருத்துவர்கள் இரண்டு பேர். வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழித்து, திடீரென்று உலகமே அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டத் தொடங்கியிருந்தது. விதிப்படி, பெயர் இருக்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் முழு மேற்கோளும் சேரும். கல்யாண வீட்டில் பின்வரிசையில் நின்று புகைப்படத்தில் விழுந்தவனையும் மாப்பிள்ளை என்று எண்ணுகிற மாதிரி.

இயக்குநரிடம் போய்ச் சொன்னான். இயக்குநர் அம்மா நல்லவர், கோபப்படத் தெரியாதவர். ஒரு காலத்தில் பூஞ்சைகளை ஆராய்ந்தவர். இப்போது கோப்புகளை.

"மேடம், அந்த ஒரு கட்டுரைய எடுத்துட்டா நாம முப்பத்தி நாலு."

"மத்த நாட்டுக்கெல்லாம் எப்படி எண்ணியிருக்கீங்க?"

"இதே மாதிரிதான்."

"அப்ப நமக்கு மட்டும் எதுக்கு எடுக்கணும்? தப்பு ஏதாவது இருக்கா?"

அவன் யோசித்துப் பார்த்தான். தப்பு இல்லை. "தப்பு இல்ல மேடம். ஆனா..."

"ஆனாவ அடிக்குறிப்புல போட்டுடுங்க."

போட்டான். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் அது பக்கத்தின் அடியில் கிடந்தது. அமைச்சர் நிருபர்களைக் கூப்பிட்டுச் செய்தி சொன்னார். பக்கத்து நாடு இருபத்திரண்டாம் இடத்தில் இருந்தது. அதுதான் செய்தியின் உயிர். பந்து விளையாட்டில் ஜெயித்த மாதிரி பத்திரிகைகள் எழுதின. நிருபர் ஒருத்தி தொலைபேசியில் அவனைப் பிடித்து, "இது உண்மைதானா சார்?" என்று கேட்டாள்.

"எண்ணெல்லாம் சரிதாங்க."

"அப்ப நாம நிஜமாவே முன்னேறிட்டோமா?"

"எண்ணெல்லாம் சரி" என்று திரும்பவும் சொன்னான். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அன்று மாலை வாசல் சுவரில் ஒரு பெரிய 21 ஒட்டினார்கள்.

வீட்டில் அக்கா இதைக் கேட்டுச் சிரித்தாள். அவனும் மனைவியும் கீழ்த்தளத்தில். அக்கா மாடியில் தனியாக. அவள் ஒரு தண்ணீர் ஆய்வகத்தில் துணைத் தலைவி. ஊர் ஊராகக் கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் எடுத்து வந்து, அதில் ஃபுளோரைடு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்த்து, எந்தக் கிணற்றை மூட வேண்டும், எதைக் குடிக்கலாம் என்று சொல்கிற இடம். பல்லும் எலும்பும் கெட்டுப்போன ஊர்கள் சில அவர்களால் தப்பித்தன.

"நீ உட்கார்ந்த இடத்துலயே நாட்ட தூக்கிட்ட. நான் முப்பது வருஷமா வாளி தூக்கியும் முதுகு வலிதான் மிச்சம்" என்றாள்.

அந்த ஆய்வகத்துக்குச் சொந்தமாக ஓர் ஆய்விதழ் இருந்தது. கண்டுபிடித்ததையெல்லாம் அதில் கட்டுரையாகப் போடுவார்கள். அந்த இதழைச் சர்வதேசத் தரவுத்தளத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. சில ஆண்டுகளுக்கு முன்னால் அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் அவன்தான். இதழ் ஏற்கப்பட்ட அன்று மாடியிலிருந்து அக்கா இறங்கி ஓடிவந்த வேகத்தில் செருப்பு ஒன்று படியிலேயே நின்றுவிட்டது. "இனிமே நாங்களும் கணக்குல உண்டுடா!" என்றாள்.

கணக்கில் வந்ததுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த ஆண்டு அறிக்கைக்கான வேலை தொடங்கியபோது, இதய நோய்க் கட்டுரை ஐந்தாண்டு வரம்பைத் தாண்டி வெளியே போயிருந்தது. அவன் கணக்குப் போட்டான். நாடு முப்பத்தாறு. இயக்குநர் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் பேசினார்.

"வாசல்ல ஒட்டியிருக்கற எண்ணை எப்படிப் பிரிக்கறது, சொல்லுங்க."

"மேடம், அது தானா வந்தது. தானா போகுது."

"அமைச்சருக்கு அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்து நாடு இந்த வருஷம் எங்க?"

"இருபத்தி மூணு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "வகுத்தல்ல மேல இருக்கற மேற்கோள கூட்ட முடியாது. கீழ இருக்கற கட்டுரைகள குறைக்கலாமில்ல?"

அவனுக்கு உடனே புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்திருக்கக் கூடாது என்று நினைத்தான்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் கட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டாள்.

"எங்க ஸ்கூல்ல பண்றதுதானே இது? வீக்கா இருக்கற பசங்கள பரீட்சை அன்னிக்கு வீட்டுலயே இருக்கச் சொல்லிடுவாங்க. க்ளாஸ் சராசரி ஜம்முன்னு ஏறிடும். ஒரு பையனுக்கும் ஒரு மார்க்கும் கூடுதலா வந்திருக்காது." பிறகு சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சரி, உங்க கணக்குல வீக்கான பையன் யாரு?"

அவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். மாடியில் அக்கா நடக்கும் சத்தம் கேட்டது. மனைவியும் மேலே பார்த்தாள். "அய்யோ" என்றாள்.

வேறு யார்? தரவுத்தளத்தில் இந்த நாட்டின் பெயரில் இருந்த கட்டுரைகளில் கணிசமான பங்கு அந்தத் தண்ணீர் இதழுடையது. மேற்கோள் கிட்டத்தட்ட இல்லை. இன்ன ஊரின் இன்ன கிணறு பற்றிய கட்டுரையை வேறு கண்டத்துக்காரன் எதற்காக மேற்கோள் காட்டப்போகிறான்? அத்தனையும் சராசரியின் காலில் கட்டிய கல்லாகத் தொங்கின.

இயக்குநர் மனதில் வேறு யோசனை இருந்தது. ஆய்வகத்தையே ஒரு பெரிய கல்லூரியோடு இணைத்து, ஆட்களைக் கலைத்துவிடலாம் என்று ஒரு குறிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. இயக்குநர் மேசையில் தசமம் அதைப் பார்த்துவிட்டான். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோசித்துச் சொன்னான்.

"மேடம், ஆய்வகம் இருக்கட்டும். இதழை மட்டும் நிறுத்திடலாம். தரவுத்தளத்துலேருந்து திரும்ப வாங்கிட்டா பழைய கட்டுரையும் கணக்குல வராது. அவங்க வேலை பாட்டுக்கு நடக்கும்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "இதுக்குத்தான் தசமம் வேணும்கறது" என்றார். பெரிய ஆபத்து ஒன்று தலைக்கு வந்து தலைப்பாகையோடு போய்விட்டது என்று அவனும் நம்பினான்.

அக்காவிடம் சொல்வது அவன் பொறுப்பாயிற்று. மாடிக்குப் போனான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

"என்னை எண்ணாம விட்டா நாடு முன்னேறிடுமா?"

"அக்கா, நான் சொல்றதக் கேளு..."

"எங்க கட்டுரைய யாரும் மேற்கோள் காட்டலன்னா ஏன் காட்டலன்னு தெரியுமா உனக்கு? கிணத்த மூடியாச்சு. புதுக் குழாய் போட்டாச்சு. ஊரு நல்ல தண்ணி குடிக்குது. தீந்துபோன விஷயத்தப் பத்தி எவன்டா திரும்பத் திரும்ப எழுதுவான்?"

"உன் வேலை உசத்தி இல்லன்னு நான் சொல்லல."

"உன் எண்ணு சொல்லுதே."

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். "இல்லன்னா லேபையே கலைக்கறாங்கக்கா. அந்தக் குறிப்ப நான் கண்ணால பாத்தேன். இதழ் போனா போகட்டும், லேப் நிக்கும். நான் பொறுப்பு."

அக்கா அவனை வெகுநேரம் பார்த்தாள். சின்ன வயதில் அவன் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. காயம் ஆழமா மேலோட்டமா என்று கணிக்கிற பார்வை.

"நீ பொறுப்புன்னு சொன்ன. சரி" என்றாள்.

தலைவர் பதவி காலியாக இருந்ததால் இதழை நிறுத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். போட்டாள். தரவுத்தளக்காரர்கள் இதழை நீக்கினார்கள். நாடு இருபதாம் இடம். வாசலில் இருந்த 21-ஐச் சுரண்டி எடுத்துவிட்டு 20 ஒட்டினார்கள். அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. அறைக் கதவில் பெயர்ப் பலகை வந்தது. ஜன்னல் மட்டும் திறக்கவில்லை.

ஓராண்டு ஓடியது. அறிக்கையில் இன்னொரு பகுதி உண்டு. நாட்டுக்குள் இருக்கிற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டன, எத்தனை மேற்கோள் பெற்றன என்ற பகுதி. அதே தரவிலிருந்து கணினியே அதைத் தயாரித்துவிடும். தண்ணீர் ஆய்வகத்துக்கு நேரே இரண்டு கட்டங்களிலும் ஒரு சின்னக் கோடு விழுந்திருந்தது. பூஜ்யம்கூட இல்லை. இவனும் அதைப் பார்த்தான். நிறுத்தினால் கோடுதானே வரும் என்று கடந்துவிட்டான். துறைச் செயலர் கடந்துவிடவில்லை. "எந்த ஆய்வும் வெளியிடாத ஆய்வகம் எதற்கு?" என்று ஓரத்தில் எழுதி, மூடச் சொல்லிக் கையெழுத்திட்டிருந்தார்.

அவன் படியேறி ஓடினான். இயக்குநர் அந்தக் கோப்பையே முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அவங்க எழுதாம இல்ல. நாமதானே இதழ நிறுத்தினோம்!"

"உட்காருங்க."

"நான் உட்கார வரல மேடம். இத செயலர்கிட்ட சொல்லணும்."

"என்னன்னு சொல்வீங்க? ரேங்கைக் காப்பாத்த ஒரு இதழையே மூடச் சொன்னோம்னா? அந்த யோசனை யாரோடதுன்னு கேப்பாரு. நான் உங்க பேரச் சொல்ல மாட்டேன், ஆனா குறிப்புல உங்க கையெழுத்துதான் இருக்கு."

"அப்ப இதழ திரும்ப ஆரம்பிச்சிடலாம்."

"ஆரம்பிச்சா?"

அவனிடம் பதில் தயாராக இருந்தது. எப்போதும் தயாராக இருக்கும். "முப்பத்தி ஏழு" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"பத்திரிகைக்காரங்க விடுவாங்களா? ரெண்டு வருஷமா என்ன பண்ணீங்கன்னு கிளறுவாங்க. அமைச்சர் நம்மள கை கழுவிடுவாரு. அப்பவும் ஆய்வகம் திரும்ப வரும்னு நினைக்கறீங்களா?"

அவன் உட்கார்ந்தான். எண்கள் எதிலும் பொய் இல்லை. ஒரு பொய் இருந்திருந்தால் அதைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கலாம். பிளந்த மரத்துக்குள் வாலை விட்டுக்கொண்டு ஆப்பை உருவிய குரங்கு மாதிரி, தான் உருவிய ஆப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு மட்டும் என்னால செய்ய முடியும்" என்றார் இயக்குநர், மெல்லிய குரலில். "அங்க இருக்கறவங்கள எங்கெங்கயோ போடப்போறாங்க. உங்க அக்காவ தூரமா அனுப்பாம பாத்துக்கறேன். உங்க பிரிவுலயே ஒரு இடம் காலியா இருக்கு."

அவர் உதவியாகத்தான் சொன்னார். அவனும் "ரொம்ப நன்றி மேடம்" என்றுதான் சொன்னான். படியிறங்கும்போதுதான், நன்றி சொன்ன வாயால் இனி எதையும் எதிர்த்துப் பேச முடியாது என்று தோன்றியது.

ஆய்வகத்தை மூடிய விதம் சாதாரணமாக இருந்தது. கருவிகளைத் துணி சுற்றிக் கிடங்குக்கு ஏற்றினார்கள். அக்கா ஒரு பையில் தன் கண்ணாடி, தண்ணீர்க் குவளை, நாற்காலிக்குப் போடும் மெத்தை மூன்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் தம்பியின் அறைக்கு வந்தாள். எதிர் மேசை. முதல் நாளே எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றாள்.

"அக்கா, வேணாம்."

"ஆபீஸ்ல நீங்கதானே சார் மேலதிகாரி."

கிண்டல் என்று அவன் நினைத்தான். இரண்டாம் நாளும் சொன்னாள். பிறகு அது கிண்டல் இல்லை என்று புரிந்தது. கிண்டலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பான். வீட்டுக்குப் போனால் பழையபடி "டேய், அந்தத் தொட்டியில தண்ணி நிரம்புது பாரு" என்பாள். பேருந்தில் ஒன்றாகவே வந்தார்கள், ஒன்றாகவே போனார்கள். வழியில் பேச ஒன்றும் இருக்காது. அலுவலகத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. வீட்டிலும் அதே முகம்தான். தப்பித்துப் போய் நிற்பதற்கு ஓர் இடம் இல்லாமல் போயிற்று.

அவளுக்குக் கொடுத்த வேலை, ஒரே நிறுவனத்தின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பதைச் சரிசெய்வது. மேற்கோள்கள் சிதறாமல் ஒரே இடத்தில் சேர வேண்டும் அல்லவா? அதைப் பிசகில்லாமல் செய்தாள். ஒரு நாள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சார், இந்த ஒரு காலேஜுக்கு மேற்கோள் ரொம்பக் கம்மியா இருக்கே. இங்க யாரோட அக்கா வேலை பாக்கறாங்க?"

அவன் எழுந்து வெளியே போய் நடைவழியில் நின்றான்.

அன்றே ராஜினாமா என்று முடிவு செய்தான். மனைவி அவனைத் தடுக்கவில்லை. "போறதுன்னா போங்க. என் சம்பாத்தியத்துல ஓட்டிக்கலாம். ஆனா அண்ணிய என்ன பண்றதா இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள். காரணம் இருந்தது. மதிப்பீட்டுப் பிரிவு என்பதே அவனை நம்பித்தான் ஓடியது. அவன் போனால் பிரிவைத் தலைமையகத்தோடு சேர்த்துவிடுவார்கள். தலைமையகம் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில். முதுகுவலியோடு, ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருக்கும்போது, அக்கா அங்கே தனியாகப் போய் ஓர் அறை எடுத்துத் தங்க வேண்டும்.

மாடிக்குப் போய் அவளையே கேட்டான்.

"நான் வேலைய விட்டுடறேன்க்கா."

"விட்டுட்டு?"

"நிம்மதியா இருக்கலாம்."

"யாரு? நீயா நானா?" என்றாள். பிறகு இளகி, "உட்காருடா. நீ போனா வேற ஒருத்தன் வருவான். அவன் அடிக்குறிப்புகூட போட மாட்டான்" என்றாள். அவனைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா, குத்துவதற்காகச் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

அவன் ராஜினாமா செய்யவில்லை.

அந்த ஆண்டு நாடு பத்தொன்பதாம் இடத்துக்கு வந்தது. பக்கத்து நாடு இருபத்தைந்துக்குப் போய்விட்டது. எல்லா மாடிகளிலும் இனிப்புப் பெட்டி சுற்றி வந்தது. இயக்குநர் இந்த அறைக்கு மட்டும் தானே நேரில் வந்து கொடுத்தார். அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கு மேடம்" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. தசமம் தன்னுடையதைக் காகிதத்தோடு மேசை இழுப்பறையில் வைத்து மூடினான்.

இயக்குநர் போன கொஞ்ச நேரத்தில், வாசல் காவலர் ஒரு மனிதரை அழைத்து வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். தோளில் கனமான துணிப்பை. ஆய்வகத்தின் பழைய தொலைபேசி எண்ணை அக்காவின் மேசைக்கே மாற்றிவிட்டிருந்தார்கள். அந்த எண் இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரித்து விசாரித்து வந்திருந்தார் அவர். பையிலிருந்து ஒவ்வொன்றாக ஆறேழு பாட்டில்களை எடுத்து, இனிப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். எல்லாவற்றிலும் தெளிந்த தண்ணீர்.

"ஊர்ல புதுசா ஆழ்குழாய் போட்டாங்கம்மா. குடிக்க ஆரம்பிச்சதுலேருந்து எங்க தெருவுல பெரியவங்களுக்கெல்லாம் மூட்டு வலி. அதனால வலியா, வயசானதால வலியான்னு தெரியல. முன்ன ஒருதடவ எங்க மாமனார் ஊருக்கு நீங்கதான் வந்து பாத்துச் சொன்னீங்களாம். அந்தக் கிணத்த மூடினதும் எல்லாம் சரியாப்போச்சாம்."

அக்கா ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தாள். மூடியைத் திறக்கப் போனவள் திறக்கவில்லை. "ஆய்வகத்த மூடிட்டாங்கய்யா" என்றாள்.

"அப்ப இது?"

"இது வேற ஆபீஸ்."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கணினிகள், சுவரில் நாடுகளின் வரிசை, வண்ண வண்ணக் கட்டங்கள். "இங்க தண்ணி பாக்க மாட்டாங்களா?"

"இல்லைங்க."

"வேற எங்க பாப்பாங்க?"

அக்கா இயற்பியல், வேதியியல் எல்லாம் இருக்கிற பெரிய கல்லூரிக்கு அப்போதே தொலைபேசியில் பேசினாள். பழைய சிநேகிதர் ஒருவர் எடுத்தார். அவள் பேசுவது இவனுக்கும் கேட்டது. "...புரியுது. ஆமா, கட்டுரையா வராதுதான்... ஒரு ஊர் தண்ணி... இல்ல, நீங்க சொல்றது சரிதான், உங்களுக்கும் வருஷக் கடைசியில கணக்குக் காட்டணுமில்ல... பரவாயில்லங்க." வைத்துவிட்டாள். அந்தக் கணக்கைக் கேட்பது யார் என்று அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

"அக்கா, கிடங்குல உன் கருவி இருக்கே. நான் இயக்குநர்கிட்ட கேட்டு..." என்று எழுந்தான்.

"எதுக்குன்னு கேட்பாங்க. மூடின ஆய்வகத்துல வேலை இருக்குன்னா ஏன் மூடினீங்கன்னு கேள்வி வரும். போய்க் கேக்கறீங்களா சார்?"

அவன் கதவுவரை போனான். கைப்பிடியைப் பிடித்தான். இயக்குநர் என்ன சொல்வார், அதற்குத் தான் என்ன சொல்வான், கடைசியில் எந்த எண்ணில் போய் முடியும் என்று வரிசையாக மனதில் ஓடியது. ஒவ்வொரு வழியும் சுற்றிக்கொண்டு இதே அறைக்குத்தான் திரும்பி வந்தது. கைப்பிடியை விட்டுவிட்டான்.

பாட்டில்காரர் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். "சரிம்மா, பரிசோதனை எல்லாம் வேணாம். உங்களுக்கு அனுபவம் இருக்கு. பாத்துச் சொல்லுங்க, இந்தத் தண்ணிய குடிக்கலாமா, வேணாமா?"

அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பார்த்துத் தெரிகிற விஷயமாக இருந்தால் ஓர் ஆய்வகமே தேவைப்பட்டிருக்காது. பாட்டிலைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"தெரியலங்க" என்றாள்.

அவர் தசமத்தின் பக்கம் திரும்பினார். கதவுப் பலகையைப் பார்த்திருக்க வேண்டும். "நீங்க பெரிய ஆபீசர் போல இருக்கு. நீங்க சொல்லுங்க சார்."

"எனக்கும் தெரியாதுங்க."

அவர் பாட்டில்களைப் பார்த்தார். திரும்பத் தூக்கிக்கொண்டு போகத் தெம்பில்லை போலிருக்கிறது. "இதெல்லாம் இங்கயே இருக்கட்டும். யாராவது வந்தா பாக்கச் சொல்லுங்க" என்று காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அக்கா இனிப்புப் பெட்டியை நீட்டினாள். எதற்கு என்று கேட்டார்.

"நாடு முன்னேறியிருக்குங்க" என்றாள் அக்கா.

"நல்லது, நல்லது" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டபடி போனார்.

அக்கா பாட்டில்களைத் தன் மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குத் திரும்பினாள். விசைப்பலகைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவன் இன்னும் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"சார், இந்தப் பகுதி முடிஞ்சுது" என்றாள் அவள், திரும்பாமல். "அடுத்தத அனுப்புங்க."

அவன் போய் உட்கார்ந்து அனுப்பினான்.